இல்லம் பேணுவோம்: கார் ஆசனத்தில் ஒட்டிய பசை



எமது வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டுக்காரர் கார் வாடகைக்கு ஓடுகிறவர். சென்ற மாதம் கல்யாண ஓட்டம் ஒன்றுக்குப் பூவும் ரிபனும் கட்டியவர்கள் பின் ஆசனத்திலும் டேப் ஒட்டிவிட்டார்கள். டேப்பை உரித்தபோது பசை முழுவதும் ஆசனத்தில் தங்கிவிட்டது. இப்போது தூசி பிடித்துக் கறுத்துப் போயிருக்கிறது. ஏறுகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கொஞ்சம் பெற்றோல் ஊற்றித் தேய்த்தால் போய்விடும் என்கிறார் இவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?”

உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. பெற்றோல் வேண்டாம். அதற்கான காரணத்தையும், வீட்டில் உள்ள பொருட்களைக் கொண்டே இந்தப் பசையை எடுக்கும் முறையையும் இம்மாதம் பார்ப்போம். சொந்தக் கார் இல்லாத சகோதரிகளும் இதை வாசிக்கலாம். முச்சக்கரவண்டியின் ரெக்சின் ஆசனத்துக்கும், பாடசாலை வேனுக்கும், வீட்டிலுள்ள குஷன் கதிரைக்கும் இதே முறைதான்.

வாடகைக்கு ஓடும் வாகனத்தில் ஆசனம் என்பது அழகுக்கான சாமான் அல்ல, அதுதான் கடையின் முகப்பு. அழுக்கான ஆசனத்தைப் பார்த்தவர் அடுத்த தடவை வேறு வாகனத்தைக் கூப்பிடுவார். நமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த வாகனத்தைக் கண்ணும் கருத்துமாகப் பேணியவர்களே தப்பினார்கள். இன்றும் புதிய வாகனம் எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை. பழைய வாகனத்தை விற்கப் போனாலும், வாங்க வருகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ஆசனத்தைத்தான்.

பசை ஏன் போக மறுக்கிறது?

டேப்பிலும் ஸ்டிக்கரிலும் உள்ள பசை, சோற்றுப் பசை போலக் காய்ந்து இறுகுவதில்லை. அது எப்போதும் அரைத் திரவமாகவே இருக்கும். அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். இறப்பரிலிருந்தோ அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளிலிருந்தோ அதைச் செய்கிறார்கள். இரண்டும் நீரில் கரைவதில்லை. ஆகவே ஈரத்துணியால் எத்தனை தடவை துடைத்தாலும் பசை அசையாது, ஆசனம் நனைவதுதான் மிச்சம்.

வாசகிகளுக்கு ஒரு சுவையான தகவல். டேப்பின் பிறப்பே கார் வேலைத்தளத்தோடு தொடர்புடையது. காருக்கு இரண்டு நிறத்தில் பெயின்ற் அடிக்கும்போது நிறங்கள் கலந்துவிடாமல் மறைப்பதற்காக, அமெரிக்காவின் மூன்று எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925 இல் காகித டேப்பை உருவாக்கினார். 1930 இல் நாம் பார்சல் ஒட்டும் கண்ணாடி போன்ற டேப்பையும் அவரே கொண்டுவந்தார்.

வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 50 பாகை செல்சியசையும் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பசை இளகி, துணியின் இழைகளுக்குள் இறங்கிவிடுகிறது. டேப்பை உரிக்கும்போது மேற்பட்டை மட்டும் கையோடு வர, பசை உள்ளேயே நின்றுவிடுகிறது. அன்றைக்கே எடுத்தால் பத்து நிமிட வேலை. ஒரு மாதம் கழித்து எடுத்தால் ஒரு நாள் வேலை.

முதலில் பிசுபிசுப்பின் குணத்தை அறியுங்கள்

எல்லாப் பிசுபிசுப்பும் ஒன்றல்ல. வெண்ணிறத் துணியொன்றை இளஞ்சூடான நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த இடத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பிசுபிசுப்புக் குறைந்து துணியில் நிறம் ஏறினால் அது சீனிப் பொருள். டொபி, மென்பானம், ஐஸ்கிறீம், பழச்சாறு எல்லாம் இந்த வகை. இதற்கு எண்ணெயோ ஸ்பிரிட்டோ தேவையில்லை. இளஞ்சூட்டு நீரும் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும்.

எந்த மாற்றமும் இல்லையென்றால் அது டேப் பசை, சூயிங்கம் அல்லது பலாப்பிசின். இவற்றுக்கு நீர் உதவாது.

ஊரில் பலாக்காய் வெட்ட உட்காரும் எந்தப் பெண்ணும் முதலில் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வாள். பலாப்பாலை நீர் அசைக்காது, எண்ணெய் இளக்கிவிடும் என்பது எமது பாட்டிமாருக்குத் தெரிந்த பாடம். டேப் பசைக்கும் அதே பாடந்தான் பொருந்துகிறது. ஆனால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம், ஆசனத்தை அப்படிக் கழுவ முடியாது. எனவே எண்ணெயை அளவோடு, கடைசிக்கு முந்திய வழியாகத்தான் பாவிக்க வேண்டும்.

இவற்றைப் பாவிக்க வேண்டாம்

பெற்றோல்: இதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. காருக்குள் தரையோடு படிந்து நிற்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆசனத்தின் உள்ளே இருக்கும் பஞ்சு அதை உறிஞ்சிவிட்டால் நாட்கணக்கில் மணக்கும். அந்த ஆசனத்தில்தான் உங்கள் பிள்ளை தலைவைத்துத் தூங்கும்.

மண்ணெண்ணெய்: பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய்க் கறையையும் நாற்றத்தையும் விட்டுவிட்டுப் போகும்.

தின்னர், கியூடெக்ஸ் அகற்றும் திரவம்: பல கியூடெக்ஸ் அகற்றிகளில் அசிட்டோன் இருக்கிறது. அது தோல் ஆசனத்தின் மேற்பூச்சை உரித்துவிடும். ரெக்சினைக் கடினமாக்கும். பிளாஸ்டிக் பகுதிகளில் பட்டால் உருக்கிவிடும். அசிட்டேற் என்னும் துணி வகை அசிட்டோனில் அப்படியே கரைந்துபோகும்.

பிளேட், கத்தி, இரும்புத் தும்பு: பசையோடு ஆசனத்தின் இழையும் வந்துவிடும். பழைய வங்கி அட்டை, பிளாஸ்டிக் கரண்டி, விரல் நுனி ஆகியவையே போதுமான கருவிகள்.

மறைவிடத்தில் ஒரு பரீட்சை

எதைப் பூசுவதானாலும் ஆசனத்தின் அடிப்பக்கம், பின்புற மடிப்பு போன்ற கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி வையுங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் ஆசனத்தின் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். பின்னர் அந்த இடம் முற்றாக உலரும்வரை காத்திருங்கள். சில பாதிப்புகள் உலர்ந்த பிறகுதான் தெரியும். நிறம் ஏறினாலோ, இடம் வெளுத்தாலோ, இறுகினாலோ அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

துணி ஆசனத்துக்குப் படிப்படியான முறை

ஜப்பானிலிருந்து நமது நாட்டுக்கு வந்த கார்களில் பெரும்பாலும் பொலியெஸ்டர் துணியோ, வெல்வெட் போன்ற மென்மையான துணியோதான் இருக்கும். இவற்றுக்குக் கீழ்வரும் ஒழுங்கில் செய்யுங்கள். ஒரு படியில் பசை போய்விட்டால் அடுத்த படிக்குப் போகத் தேவையில்லை.

1. காரை நிழலில் நிறுத்துங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். ஒட்டியிருக்கும் தூசியை மென்மையான பிரஷால் தட்டி அகற்றுங்கள்.

2. புதிய டேப் துண்டொன்றைப் பசைப்பக்கம் வெளியே இருக்குமாறு விரலில் சுற்றி, பழைய பசையின் மேல் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுங்கள். பசையைப் பசையே இழுக்கும். மேலாக உள்ள பசை இந்த ஒரு வேலையிலேயே வந்துவிடுவதுண்டு. விரல் நுனியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டினாலும் சிறு சிறு உருண்டையாகத் திரண்டு வரும். நடுவிலிருந்து வெளியே தேய்க்காதீர்கள், பசை பரவிவிடும்.

3. தடித்த பசையாக இருந்தால் ஐஸ்கட்டியைப் பொலித்தீன் பையில் போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் அதன் மேல் வையுங்கள். குளிரில் பசை இறுகி ஒட்டும் தன்மையை இழக்கும். உடனே பழைய வங்கி அட்டையின் ஓரத்தால் மெதுவாகத் தட்டி உதிருங்கள். சூயிங்கத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

4. பசை இழைக்குள் மெல்லியதாகப் படிந்திருந்தால் குளிர் உதவாது, சூடுதான் உதவும். தலைமுடி உலர்த்தும் கருவியை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே அரை நிமிடம் காட்டுங்கள். கருவி இல்லாவிட்டால் சுடுநீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியை அழுத்திப் பிடிக்கலாம். இளகிய பசையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் புதிய பக்கத்தைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் எடுத்த பசையையே திரும்ப ஒட்டுவீர்கள்.

5. இன்னும் மிஞ்சினால் பாமசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள். ஆசனத்தில் நேரடியாக ஊற்ற வேண்டாம். ஸ்பிரிட் விரைவில் ஆவியாகிவிடும், கறை வைக்காது. இதுவும் தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் நெருப்பு, சிகரெட், ஊதுபத்தி எதுவும் இருக்கக்கூடாது. ஹெயார் ட்ரையர் பாவித்திருந்தால் அதை அணைத்து அப்புறப்படுத்திய பின்னரே ஸ்பிரிட் போத்தலைத் திறவுங்கள்.

6. அதற்கும் அசையாத பசைக்கு யூக்கலிப்டஸ் தைலம் இரண்டு மூன்று துளி. அதுவும் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். பஞ்சில் எடுத்துப் பசையின் மேல் மட்டும் தொட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஒற்றி எடுங்கள். எண்ணெய் பாவித்தால் வேலை அத்துடன் முடிவதில்லை. அந்த இடத்தில் சோளமாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, அரை மணி நேரத்தின் பின் தட்டி அகற்றுங்கள்.

7. கடைசியாக ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து நுரை வரும்வரை அடியுங்கள். நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடையுங்கள். பின் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தடவை ஒற்றுங்கள். சவர்க்காரம் தங்கிவிட்டால் அதுவே பிசுபிசுத்துப் புதிய தூசியைப் பிடிக்கும்.

மற்ற ஆசனங்களுக்கு

ரெக்சின்: முச்சக்கரவண்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இளஞ்சூட்டு நுரை, அதன்பின் சில துளி தேங்காய் எண்ணெய், மீண்டும் நுரை. இவ்வளவே போதும். ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் பொருள் நாளடைவில் டேப் பசைக்குள் கசிந்து, பசையைக் குழம்பாக்கிவிடும். ஆகவே ரெக்சின் கிழிந்தால் டேப் ஒட்டி மறைப்பது நிரந்தரத் தீர்வாகாது. குஷன் வேலை செய்கிறவரிடம் காட்டித் தைப்பதே மேல்.

தோல்: ஒரு துளி நீரை மறைவிடத்தில் வைத்துப் பாருங்கள். முத்துப்போல நின்றால் மேற்பூச்சு உள்ள தோல். அதற்கு இளஞ்சூட்டுத் துணியும் மென்மையான நுரையும் விரல் உருட்டலும் போதும். ஸ்பிரிட் பூச்சின் நிறத்தை எடுத்துவிடும். நீர் உறிஞ்சப்பட்டு இடம் கறுத்தால் அது பூச்சில்லாத தோல். எண்ணெய் பட்டால் நிரந்தரக் கறையாகிவிடும். டேப்பால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, மிகுதியைத் தோல் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

மான்தோல் போன்ற மென்துணி: சில விலையுயர்ந்த கார்களில் தடவினால் மான்தோல் போலிருக்கும் துணி இருக்கும். இது தோல் அல்ல. மயிரிழையிலும் பன்மடங்கு மெல்லிய பொலியெஸ்டர் நார்களைப் பொலியூரித்தேன் கொண்டு பிணைத்துச் செய்வது. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி 1970 இல் இதை உருவாக்கினார். இதில் சூடு காட்டக்கூடாது, எண்ணெய் கூடாது, அழுத்தித் தேய்க்கவும் கூடாது. ஐஸ், டேப் ஒற்றல், பரீட்சித்த பின் துணியில் எடுத்த சிறிதளவு ஸ்பிரிட், அதன்பின் ஈரத்துணி. உலர்ந்ததும் மென்மையான பிரஷால் ஒரே திசையில் வாரிவிட்டால் மேற்பரப்பு எழுந்து நிற்கும்.

இந்த மூன்று இடங்களில் கவனம்

ஆசனப்பட்டி: அவசரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பட்டிதான். அதில் பசை பட்டால் மென்மையான சவர்க்கார நீரால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட், தின்னர், வெளுக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அவை இழையின் வலிமையைக் குறைக்கலாம். பார்வைக்கு அது தெரியாது. துடைத்த பட்டி முற்றாக உலர்ந்த பின்னரே உள்ளே சுருள விடுங்கள்.

காற்றுப்பை உள்ள ஆசனம்: சில கார்களில் முன் ஆசனத்தின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். தையலருகே சிறு அடையாளச் சீட்டு இருக்கும். ஆசனத்தின் அடியில் மின் இணைப்புகளும் உண்டு. இந்த இடங்களில் நீர் ஊற்றவே கூடாது. பிழிந்த துணி மட்டும்.

ஆசனப் பஞ்சு: நமது காலநிலையில் நனைந்த பஞ்சு இலகுவில் உலராது. பூஞ்சணம் பிடித்து நாறும். இழுப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு அது கெடுதி. வேலை முடிந்ததும் உலர்ந்த துவாயை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். கதவுகளைத் திறந்து காற்றாடி ஒன்றை வையுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் வெயில் உள்ள நாளொன்றின் காலையைத் தெரிந்தெடுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

பசை எடுக்கவென்று வாங்கும் மண்ணெண்ணெய், தின்னர், ஸ்பிரிட் போன்றவற்றைச் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் சிறுபிள்ளைக்கு அது குடிக்கும் பொருளாகத்தான் தெரியும். யூக்கலிப்டஸ் தைலமும் அப்படியே. உள்ளே போனால் சிறிய அளவுகூடச் சிறு பிள்ளைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும்.

தவறிப்போய்ப் பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தி வரும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. உப்புநீர் கொடுப்பது, விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது ஆகியவற்றை அயலவர்கள் சொன்னாலும் செய்ய வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். போத்தலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

வருமுன் காப்பது

கல்யாண ஓட்டத்துக்குப் போகும்போதே, “ஆசனத்தில் டேப் வேண்டாம், ரிபனைக் கட்டிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவதில் தப்பில்லை. சோடனை செய்கிறவர்கள் வருவதற்கு முன் ஆசனத்தின் மேல் வெள்ளைத் துணியொன்றை விரித்துவிடலாம். பார்க்கவும் அழகாக இருக்கும்.

டேப் ஒட்டியே ஆகவேண்டி வந்தால், ஓட்டம் முடிந்த அன்றே உரித்துவிடுங்கள். செங்குத்தாக இழுக்காமல், டேப்பை அதன் முதுகின் மேலேயே மடித்து, ஆசனத்தோடு ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டு இழுத்தால்தான் பசை பின்தங்கும்.

சந்தையிலிருந்து பலாக்காய் கொண்டு வரும்போது காம்பில் காகிதம் சுற்றி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு, கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுக்கும்போது ஒட்டுவதற்கென்று ஒரு பழைய கொப்பியையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆசனத்தில் பசை ஒரு மாதம் பழகிவிட்டது. ஒரே நாளில் முழுவதும் எடுக்க முயலாதீர்கள். இரண்டாம் படியில் தொடங்கி, வருவதை எடுத்து, உலரவிட்டு, அடுத்த ஓய்வு நாளில் மீண்டும் செய்யுங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் அடையாளம் மிஞ்சினால் குஷன் வேலை செய்கிறவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தைக்கவும் முடியும். பெற்றோலை வாகனத் தாங்கியில் மட்டும் ஊற்றும்படி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். முடிந்தால் இந்தப் பக்கத்தை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.